பிரெஞ்சு ஓபன் பார்க்கும்போது சுங்கை சிப்புட்டில் நாம் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் மாமாக் கடையில் டென்னிஸ் ஓடினாலும் பேச்சு என்னவோ பூப்பந்துக் கணக்கில்தான் போகும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கைவந்தது அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு பாரிஸில் செல்லாது.

பூப்பந்தில் முதல் இரண்டு செட் போனால் கதை முடிந்தது. பிரெஞ்சு ஓபனில் ஆண்களுக்கு ஐந்து செட், மூன்றை எடுக்க வேண்டும். 2025 இறுதியாட்டத்தில் சின்னர் முதல் இரண்டையும் எடுத்ததும் "சரி, முடிந்தது" என்று தே தாரிக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் பெரிய தவறு. நான்காவது செட்டில் இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கோப்பை என்று மூன்று முறை நின்றார் சின்னர். மூன்றையும் தடுத்த அல்காராஸ், 5 மணி 29 நிமிடத்தில் ஜெயித்தார். நமக்கு இரவு 9-க்குத் தொடங்கிய ஆட்டம், முடியும்போது இரண்டரையைத் தாண்டிவிட்டது. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) போகிறவர்களை விட்டுவிடலாம், மற்றவர்களுக்கு மன்னிப்பே கிடையாது!

அடுத்தது, ஆடுகளத்தைப் பார்த்து "நம்ம செம்மண் ரோடு மாதிரிதானே?" என்ற பேச்சு. அது மண்ணே இல்லை. செங்கல்லை அரைத்த தூள், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அடியில் சுண்ணாம்புக்கல் அடுக்கு. தூளில் உரசும் பந்து வேகம் குறைந்து உயர எழும்புவதால், வேறு தரையில் எதிராளி தொடவே முடியாமல் ஏஸ் ஆகும் சர்வ் இங்கே திரும்பி வந்துவிடும். 14 கிராண்ட்ஸ்லாம் வென்ற சாம்ப்ராஸ் இங்கே 1996 அரையிறுதியைத் தாண்டவில்லை. நடாலோ இங்கே மட்டுமே 14 முறை வென்றார். இடக்கையால் சுழற்றி அடிக்கும் அவர் பந்து, எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேல் ஏறிவிடும். ஆகவே சர்வ் வேகத்தை வைத்து ஆள் பிடிக்காதீர்கள். ஒரு பிரேக் போனாலும், அதாவது தாம் சர்வ் போடும் கேமை நம்ம ஆள் இழந்தாலும், பதற வேண்டாம், இங்கே அது அடிக்கடி திரும்பக் கிடைக்கும். வலையை ஒட்டி மெதுவாக விழவைக்கும் டிராப் ஷாட்டைச் சோம்பல் என்றும் நினைக்காதீர்கள். எதிராளி கோட்டுக்கு வெகு பின்னால் நிற்கிறாரா என்று பாருங்கள், காரணம் புரியும்.

நேரத்திலும் ஏமாறுகிறோம். போட்டி நடக்கும் நாட்களில் பாரிஸ் நமக்கு 6 மணி நேரம் பின்னால். பகல் ஆட்டங்கள் இங்கே மாலை 5-க்கே தொடங்கும், இரவு ஆட்டம் அதிகாலை 2.15 வாக்கில். கடை அதுவரை திறந்திருக்குமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.