சிபிஎல் வந்துவிட்டது, இனி ஆள் ஏற்றலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு

பெங்களூரு ஜக்கூரில் பறக்கக் கற்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, 200 மணி நேரம் முடிச்சு சிபிஎல் வாங்கிட்டா, காசு வாங்கிட்டு ஆள் ஏத்தலாம்ல?" சிபிஎல் என்பது சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். ஏற்றலாம், ஆனால் உன் லைசென்ஸ் மட்டும் போதாது தம்பி. விமானமும் அதற்கான வகையில் பதிவாகியிருக்க வேண்டும், பறப்பை நடத்துகிறவரிடம் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ கொடுத்த ஆபரேட்டர் பெர்மிட்டும் இருக்க வேண்டும், விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் என்றால் பெரும்பாலும் என்எஸ்ஓபி, அதாவது அட்டவணை இல்லாத பறப்புக்கான பெர்மிட். தெரிந்த தொழிலதிபரின் சொந்த விமானத்தில் அவருடைய நண்பர்களை "ஒரு தொகைக்கு" கொண்டுபோய் விடுவது, வெள்ளை போர்டு காரை டாக்ஸியாக ஓட்டுகிற கதைதான். ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது பெர்மிட்டைத்தான், அப்போது ஓனர் உனக்காகப் பேசுவார் என்று நம்பாதே.

இதைவிட அதிகம் நடப்பது பெட்ரோல் செலவைப் பங்கு போடும் விவகாரம். பிபிஎல், அதாவது சொந்தப் பறப்புக்கான பிரைவேட் பைலட் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் நண்பர்களை ஏற்றிக்கொண்டு, இறங்கியதும் ஆளுக்கு இவ்வளவு என்று ஜிபேயில் வாங்கிக்கொள்கிறார். கேட்டால் யூடியூபில் பார்த்தேன், செலவைப் பகிரலாமாம் என்கிறார். அவர் பார்த்தது அமெரிக்க விதி. அங்கே பிபிஎல்காரர் எரிபொருள், வாடகை மாதிரி சில செலவுகளில் தன் பங்கையும் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். நீ பறப்பது விடி (VT) என்று பதிவெண் தொடங்கும் இந்திய விமானத்தில், உனக்கு இந்திய விதிதான். இங்கே பிபிஎல்லை வைத்துக் கூலி வாங்கிப் பறக்கக் கூடாது. "டீ செலவு" என்று மெமோவில் எழுதினாலும் ஜிபே ஹிஸ்டரி சாட்சிதான்.

அப்புறம் குடி. பறப்பதற்கு முன் 12 மணி நேரம் மது கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் 12 மணி நேரம் ஆகிவிட்டது என்பதை மட்டும் நம்பி மூச்சுப் பரிசோதனை மெஷினில் ஊதப் போகிறார்கள். மெஷினில் 0.000 வர வேண்டும், நேற்று ராத்திரி அளவுக்கு மேல் போயிருந்தால் 12 மணி நேரம் கழித்தும் வராமல் போகலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், சில இருமல் சிரப் எல்லாமும் வம்புதான். முதல் தடவை மாட்டினால் 3 மாதம் லைசென்ஸ் முடக்கம், இரண்டாவது தடவை 3 வருடம். சளிக்கு மாத்திரை போடுவதென்றாலும் ஏவியேஷன் மெடிக்கல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

கிளாஸ் 1 மெடிக்கல் (சிபிஎல்லுக்கான உடல்தகுதிச் சான்று) தேதியை மறப்பது, லைசென்ஸில் இல்லாத டைப்பை (விமான ரகத்தை) ஓட்டுவது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 90 நாள் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பறப்புக்கு முந்தைய 90 நாளுக்குள் அதே டைப்பில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லையென்றால் பயணிகளை ஏற்றக் கூடாது. வேலை கிடைக்காமல் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, ஒரு ஆஃபர் வந்ததும் நேராக காக்பிட்டில் ஏறுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். பறப்புகளைப் பதியும் லாக்புக்கில் அந்த மூன்றையும் பேனாவாலேயே "பறந்து" நிரப்பலாம் என்று ஒரு சீனியர் யோசனை சொன்னால், அவரோடு சேர்ந்து சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிடு.