சென்னையில் ட்ரோன் விட எங்கே இடம்? கண்டுபிடிப்பது எப்படி

புதிதாக ட்ரோன் கையில் வந்தவுடன் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மெரினாவில் விடலாமா?" என்பதுதான். என் பதில்: மெரினாவை மறந்துவிடுங்கள். ஒரு பக்கம் கோட்டையும் தலைமைச் செயலகமும், கடற்படை நிலையமும் அருகிலேயே, சாலைக்கு எதிரில் டிஜிபி அலுவலகம், போதாக்குறைக்கு மாலையானால் ஜனத்திரள். அரசின் வான்வெளி வரைபடத்தில் அங்கே என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன்பே நான் என் பட்டியலிலிருந்து மெரினாவை அடித்துவிடுவேன். மற்ற இடங்களுக்குத்தான் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். வணிகத்துக்காக, கல்யாண வீடியோவுக்காக விடுகிறவர்களுக்கு இது இல்லை, அவர்கள் கதை வேறு. இது சும்மா ஆசைக்காக விடுகிறவர்களுக்கு.

இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். அதற்கு முன்பு இருந்த விதிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை இருந்த கட்டுப்பாட்டு வட்டத்தை 12 கிலோமீட்டராகச் சுருக்கியதே இந்த விதிகள்தான். 45 கிலோமீட்டர் என்றால் மீனம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை வந்துவிடும், யோசித்துப் பாருங்கள்.

வான்வெளியை மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது, நம்மைப் போன்றவர்களுக்கு அது முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் அந்த இடத்து விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பச்சை என்றால் அனுமதி தேவையில்லை. இவ்வளவுதான் என்று நினைத்து நிறத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் ஒரே இடத்தில் கீழே பச்சையும் மேலே மஞ்சளும் இருக்கும். நகரத்துக்குள் "இங்கே விடலாமா" என்று கேட்பது அரைக் கேள்வி. "இங்கே எத்தனை அடி வரை விடலாம்" என்று கேட்க வேண்டும்.

கணக்கு இதுதான். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள், அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட எழும்பக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வளையத்தில் 200 அடி, அதாவது 60 மீட்டர் வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள். 12 கிலோமீட்டரைத் தாண்டினால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பச்சை. இதில் எங்காவது சிவப்பு குறுக்கிட்டால் சிவப்புதான் செல்லும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: எல்லையிலிருந்து. அதாவது விமான நிலையத்தின் கம்பவுண்டு சுவரிலிருந்து. நான் முதல் தடவை அளந்தபோது கூகுள் மேப்பில் விமான நிலையம் என்று போட்டேன், அது டெர்மினல் மேல் குத்திய புள்ளியிலிருந்து அளந்துவிட்டு "ஆஹா, எட்டரை வருகிறதே, பாதுகாப்புதான்" என்று சந்தோஷப்பட்டேன். ஓடுபாதை அங்கிருந்து கிழக்கே எவ்வளவு தூரம் நீண்டு கிடக்கிறது என்பதை யோசிக்கவில்லை. சுவரிலிருந்து அளந்தால் நான் தேர்ந்தெடுத்த இடம் வட்டத்துக்குள்ளேயே இருந்தது. நல்லவேளையாக அன்றைக்கு மழை வந்து போகாமல் விட்டேன், இல்லையென்றால் தெரியாமலே விதியை மீறியிருப்பேன்.

அளப்பது சுலபம். கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சிக்குப் போங்கள், ஓடுபாதையையும் அதைச் சுற்றிய சுவரையும் கண்ணால் பாருங்கள், உங்கள் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் சுவர்ப் புள்ளியில் கம்ப்யூட்டரானால் ரைட் கிளிக் செய்து, போனானால் அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அப்படி அளந்தால் தி.நகர், வேளச்சேரி, கிண்டி, பல்லாவரம் எல்லாம் 8 கிலோமீட்டருக்குள் விழும். கத்திப்பாரா பக்கம் போகிறவர்களுக்கு இது அளக்காமலே தெரியும், விமானத்தின் சக்கரம் தலைக்கு மேலேயே தெரிகிறதே. அடையாறு சிக்னல்கூட உள்ளேதான் வருகிறது, ஆனால் கொஞ்சம் கிழக்கே நகர்ந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் வளையத்துக்கு வந்துவிடுகிறீர்கள். அண்ணா நகரும் அந்த 8-12 வளையத்தில்தான். கோவளம், முட்டுக்காடு பக்கம் போனால் 12 கிலோமீட்டருக்கு வெளியே.

தெற்குப் பக்கம் இருப்பவர்கள் இன்னொரு வட்டத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. "நான் மீனம்பாக்கத்திலிருந்து தள்ளித்தானே இருக்கிறேன்" என்று சேலையூர், மேடவாக்கம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

இதுவரை சொன்னது விமான நிலையக் கணக்கு மட்டும். இதை வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அதிகாரபூர்வ வரைபடம் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கிறது, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்துவது, 2021 செப்டம்பரில் வெளியிட்டார்கள், பார்க்க லாகின் தேவையில்லை. போனில் திறந்தால் விரலால் நகர்த்தி நகர்த்தி அலுத்துப்போகும், கம்ப்யூட்டரில் பாருங்கள். நம் கையால் அளந்த கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் வந்தால் அதில் இருப்பதுதான் சரி. அப்படியென்றால் கையால் ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். அளந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த நிறம் ஏன் அங்கே வந்தது என்று புரியும், புரிந்தவர்கள் கோட்டின் ஓரத்தில் நின்று விளையாட மாட்டார்கள்.

ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் அந்தத் தளத்தைப் பார்த்தாக வேண்டும் என்று விதியே சொல்கிறது. காரணம் இருக்கிறது. மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியைத் தற்காலிக சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். பிரதமர் வருகை, குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களில் சென்னையில் போலீஸ் ட்ரோனுக்குத் தடை போடுவது வழக்கம், அது செய்தித்தாளிலும் வரும். போன வாரம் பச்சையாக இருந்தது என்பது இன்றைக்குச் செல்லாது.

அப்புறம் உயரம். ட்ரோன் ஆப்பில் தெரிகிற உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்காவது. அண்ணா நகரில் பத்து மாடி அபார்ட்மென்ட்டின் மொட்டை மாடியிலிருந்து விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடியே சுமார் 30 மீட்டர். அனுமதித்த உயரம் 60 மீட்டர். அப்படியானால் ஆப்பில் 30 வந்தாலே உங்கள் கதை முடிந்தது, ஆனால் ஆப் 60 வரை போகலாம் என்ற நினைப்பை உங்களுக்குக் கொடுக்கும். அதனால் ஆப்பின் செட்டிங்ஸில் அதிகபட்ச உயரத்தை நீங்களே குறைத்து வையுங்கள், காற்றுக்கும் கைத் தவறுக்கும் ஐந்து மீட்டர் விட்டு வையுங்கள். பெசன்ட் நகர் மணலிலிருந்து விடும்போது நான் 55 வைப்பேன்.

டிஜேஐ போன்ற கம்பெனிகளின் ஆப்பிலும் ஒரு வரைபடம் வரும். அது அந்தக் கம்பெனியின் வரைபடம், இந்திய அரசின் வரைபடம் இல்லை. ஆப் தடுக்கவில்லை, ட்ரோன் கிளம்பிவிட்டது, ஆகவே சட்டப்படி சரி என்று வாதாட முடியாது.

எடை விஷயத்தில் ஒரு பெரிய குழப்பம் உலவுகிறது. 250 கிராம் வரை இருந்தால் நானோ வகை, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வணிக நோக்கம் இல்லாத மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீடு நானோவுக்குக் கட்டாயமில்லை, மற்றதற்குக் கட்டாயம். இந்தச் சலுகைகளைக் கேட்டுவிட்டு "249 கிராம்தானே, எங்கே வேண்டுமானாலும் விடலாம்" என்று கடைக்காரர்கள்கூடச் சொல்கிறார்கள். தப்பு. சிவப்பும் மஞ்சளும் எடை பார்ப்பதில்லை, நானோவுக்கும் அதே வான்வெளிதான். அதோடு அந்த 250 கிராம் என்பது மேலே ஏறும் மொத்த எடை. றெக்கைக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டி, ஒரு சின்ன விளக்கையும் ஒட்டினால் தாண்டிவிடும். டிஜேஐ மினி 3-க்கு நீண்ட நேரம் ஓடும் பெரிய பேட்டரி விற்கிறார்களே, அதைப் போட்டாலே அது நானோ இல்லை. சமையலறைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

இன்னும் வாங்கவே இல்லை என்றால் ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புத் துறைக்கும் மட்டும்தான் விலக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு ஏர்போர்ட்டில் நிற்க வைக்காதீர்கள். எதை வாங்கினாலும் பதிவு எண் வாங்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். விதி மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

வரைபடம் பச்சை காட்டினாலும் கீழே நிற்கும் நிலம் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், அங்கே ட்ரோனுக்கு அந்தத் துறையின் அனுமதி வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவைகளைப் பார்த்ததும் கை பரபரக்கும், ஆனால் கூட்டமாக மேயும் நாரைகளுக்கு நடுவே விசிறிச் சத்தத்தோடு ஒன்று இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, வனத்துறையும் சும்மா விடாது. அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் அம்மாவுக்கு உங்கள் கேமரா கடலைப் பார்க்கிறதா தன்னைப் பார்க்கிறதா என்று எப்படித் தெரியும்?

போலீஸ்காரர் வந்து கேட்பார். பச்சை மண்டலத்திலும் கேட்பார், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. அவரிடம் விதிமுறை வகுப்பு எடுக்காதீர்கள். முதலில் ட்ரோனை இறக்குங்கள், பிறகு அன்று காலை எடுத்த வரைபட ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு காட்டுங்கள், கூடவே பதிவு எண்ணையும். ஒருவர் பார்த்துவிட்டு "சரி சார், பத்து நிமிஷத்துல முடிச்சுக்கோங்க" என்றார். இன்னொருவர் "இன்னைக்கு விஐபி மூவ்மென்ட், கிளம்புங்க" என்றார். இரண்டாவது ஆளிடம் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் செய்யவில்லை, மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவும் சரியாக இருந்து கோவளத்திலோ பெசன்ட் நகரிலோ நிற்கிறீர்கள் என்றால், காலை ஆறரை மணிதான் நல்ல நேரம். கூட்டம் இருக்காது, காற்றும் அடங்கியிருக்கும். வெயில் ஏறியதும் பருந்துகள் வட்டமிட ஆரம்பிக்கும், ட்ரோனை இன்னொரு பறவை என்று நினைத்துப் பாய்ந்து வரும், என்னுடையதில் ஒரு றெக்கை அப்படித்தான் போனது. பருந்து நெருங்கினால் உடனே இறக்கிவிட்டு அது போகும்வரை ஒரு டீ குடிக்கலாம்.