மீந்த சாப்பாட்டை எடுத்துப் போய்க் கொடுப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஒரு விருந்தில் மீந்த நாற்பது பேர் சாப்பாட்டை ஆசையாக வண்டியில் ஏற்றிவிட்டு, கொடுக்க இடம் தேடி இரவெல்லாம் அலைந்தேன். கடைசியில் பாதியை நானே கொட்டினேன். அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும்.

படி 1: வாங்குபவரை முதலில் பிடியுங்கள்

முதியோர் இல்லம், வீடற்றோர் தங்குமிடம் என இரண்டு மூன்று இடங்களிலாவது பேசி வையுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், சமைத்த உணவை வாங்குவார்களா, ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சுலபமானதில் தொடங்குங்கள்

ரொட்டி, பழம், காய்கறி, பாக்கெட் பொருள்கள் போதும். 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் உருவான முதல் உணவு வங்கியும் (மீந்த உணவைச் சேர்த்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு) கடைகள் கழித்துக்கட்டிய பொருள்களைக் கேட்டு வாங்கித்தான் வளர்ந்தது.

பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். 'இதற்கு முன் பயன்படுத்துவது சிறந்தது' என்றிருந்தால் அது சுவை, மொறுமொறுப்பு பற்றிய பேச்சு. அந்த நாள் தாண்டியதாலேயே பொருள் கெட்டுவிடாது. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றிருந்தால் அது பாதுகாப்பு விஷயம், தாண்டினால் தொடாதீர்கள். உப்பிய டின்னை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 3: சமைத்த உணவு என்றால் கடிகாரம்தான் எஜமான்

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவு வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். நீங்கள் போய் எடுத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உணவின் சூடு 60-க்குக் கீழே இறங்கிய நேரம்தான் கணக்கு. 'எப்போது இறக்கினீர்கள், அதுவரை சூடாக வைத்திருந்தீர்களா?' என்று சமையல்காரரிடமே கேளுங்கள்.

'மறுபடி சூடு பண்ணிக்கொள்ளலாமே' என்பார்கள். சோறு விஷயத்தில் அது செல்லாது. பாஸில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது; ஆறிய சோற்றில் முளைத்து அது விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. முகர்ந்து பார்ப்பதையும் நம்பாதீர்கள். நோய் தரும் கிருமிகள் பல, வாடையே காட்டாது. உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

தட்டில் பரிமாறியது எதுவும் வேண்டாம். அடுக்களையில் கை படாமல் இருக்கும் பாத்திரம் மட்டும்.

படி 4: கட்டி, எழுதி ஒட்டுங்கள்

சூடானதைச் சூடு தாங்கும் பெட்டியில், மூடியைத் திறக்காமல் கொண்டுபோங்கள். குளிர்ந்ததைத் தனியாக ஐஸோடு. பெட்டி மேல் உணவின் பெயர், சமைத்த நேரம், அப்புறம் பால், முட்டை, கோதுமை, கடலை போன்றவை சேர்ந்திருக்கிறதா என்று எழுதுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சீட்டு உயிர்க்காப்பு.

படி 5: கொடுத்ததும் கிளம்புங்கள்

சூடாக்கிப் பரிமாறுவதாக இருந்தால் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சாப்பிடுகிறவரைப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து. மறுநாள் போன் போட்டு, எது மீந்தது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை அதைக் குறைத்து எடுக்கலாம்.