கை நிழலில் வாசிக்கும் சிந்தசைசர்
தொடாமலே வாசிக்கும் ஒரு குட்டிச் சிந்தசைசருக்கு, அதாவது மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவிக்கு, சிடி40106 என்ற ஐசி (சிப்) ஒன்று போதும். யாழ்ப்பாணத்தில் றேடியோ, டிவி திருத்தும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

ஐசியின் 14ஆம் காலுக்கு 9 வோல்ட் பற்றரியின் நேர்முனை, 7ஆம் காலுக்கு எதிர்முனை. 1க்கும் 2க்கும் நடுவே எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப தடை மாறும் ரெசிஸ்டர்). 1இலிருந்து 7க்கு 0.1 மைக்ரோபரட் கெப்பாசிற்றர். சரி, 2ஆம் காலில் ஒலி தயார். வெளிச்சம் கூடினால் சுருதி ஏறும், கை நிழல் விழுந்தால் இறங்கும்.

பலர் மறப்பது இதைத்தான்: பாவிக்காத 3, 5, 9, 11, 13ஆம் கால்களையும் 7உடன் இணைக்க வேண்டும். சும்மா விட்டால் இரைச்சல் வரும், பற்றரியும் வீணாகும்.

நம்மூர் மதிய வெயிலில் முற்றத்துக்குக் கொண்டுபோனால் சத்தமே நின்றுவிடும். பழுதல்ல, எல்டிஆரின் தடை மிகவும் குறைந்து, சுருதி காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. எல்டிஆருடன் தொடராக 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் சுமார் 1000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஏறாது. என்னைக் கேட்டால் விறாந்தை நிழல்தான் வாசிக்கத் தோதான இடம்.

அம்ப்ளிபயருக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள், 9 வோல்ட் அதற்கு அதிகம். 2ஆம் காலிலிருந்து 1 மைக்ரோபரட் கெப்பாசிற்றர், அடுத்து 100 கிலோஓம், அங்கிருந்து 7க்கு 10 கிலோஓம். அந்த 10 கிலோஓமின் இரு முனைகளிலிருந்து வயர் எடுங்கள்.