முதலில் ரப்பர், கடைசியில்தான் ஹார்ஸ்பவர்

போன வருஷம் ஒரு வெள்ளை அபார்த் புன்டோ வாங்கினேன். ஃபியட் புன்டோவின் வேகக் கார் வடிவம் அது. 2016 மாடல், மூன்றாவது கை, மீட்டரில் 47,000 கிலோமீட்டர். விற்றவர் அந்த 47,000ஐத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அதில்தான் மயங்கினேன். வீட்டுக்கு ஓட்டி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து போகிற வரிசையின் கடைசியில், சின்ன நீள்வட்டத்துக்குள், 1416 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்த டயர். அதாவது காரோடு பிறந்த டயர். பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. நகத்தால் அழுத்தினால்தான் தெரிந்தது, ரப்பர் காய்ந்த கொட்டாங்குச்சி மாதிரி இறுகிப் போயிருந்தது.

பழைய வேகக் கார் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கிலோமீட்டரை அப்புறம் பாருங்கள், முதலில் தேதியைப் பாருங்கள். இந்த மாதிரிக் கார்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டியிருப்பார்கள். ஓடாததால் இரும்பு தேயவில்லை, சரி. ரப்பரும் ஆயிலும் நின்ற இடத்திலேயே கிழடு தட்டிவிடும். கோவை கணபதியில் பம்ப் உதிரி செய்கிற லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயில் சீல் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் மயங்கினேன்.

காரைப் பற்றி நாலு வரி. ஃபியட் இதை 2015 அக்டோபரில் இறக்கியது. புனே பக்கம் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் செய்தது. 1368 சிசி, டி-ஜெட் டர்போ பெட்ரோல் இன்ஜின் (டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி), 145 பிஎச்பி, 212 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர், நாலு சக்கரத்திலும் டிஸ்க். டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். அந்த விலைக்கு அன்றைக்கு அவ்வளவு சக்தி வேறு யாரும் தரவில்லை. அப்புறம் பிஎஸ்-6 புகை விதி வந்த சமயத்தில் ஃபியட் என்ற பெயரே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. அதனால் இன்று இது அப்பா அம்மா இல்லாத பிள்ளை. பயப்பட வேண்டாம். லீனியா டி-ஜெட்டிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான், ஐரோப்பாவின் அபார்த் 500லும் இதுதான். பெல்ட், பிளக், பம்ப் எல்லாம் பார்ட் நம்பர் வைத்துத் தேடினால் வந்து சேரும். அவசரத்துக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். ஒரு சாமான் வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னாடியே தேட ஆரம்பியுங்கள்.

இன்னொன்று: காருக்குக் கொடுத்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு கையில் மீதி இல்லாவிட்டால் இந்தக் காரை வாங்காதீர்கள். அந்தப் பணம் முதல் மூன்று மாதத்தில் போய்விடும். எனக்கு இரண்டே மாதத்தில் போனது.

முதல் செலவு டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பெல்ட். வேறு எதுவும் இதற்கு முன்னால் வரக் கூடாது. சிங்காநல்லூர் பக்கம் எனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "பெல்ட் மாத்துன பில்லு இருக்குதுங்களா?"

"மாத்திட்டேன்னு விற்றவர் சொன்னாருங்க."

"சொன்னாருங்களா. பில்லு இல்லீன்னா மாத்தலைன்னு வெச்சுக்கோங்க."

இதை எழுதி காரிலேயே ஒட்டி வைக்கலாம். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அதற்கப்புறம் ரிப்பேர் என்று பேச முடியாது, வேறு இன்ஜின் தேட வேண்டியதுதான். 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முந்துகிறதோ அது என்பது என் கணக்கு. இன்று கிடைக்கும் எந்த அபார்த் புன்டோவும் வருஷக் கணக்கில் எப்போதோ தாண்டிவிட்டது. பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள்; அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வாட்டர் பம்பும் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். அந்தப் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கேம் லாக்கிங் டூல் வைத்திருக்கிறீர்களா? இந்த 16 வால்வு இன்ஜினில் வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை ஊசி போட்டுப் பூட்டித்தான் பெல்ட் மாட்ட வேண்டும். பல்லுக்குப் பல் ஒயிட்னரால் கோடு போட்டு மாற்றுகிறேன் என்று சொல்கிறவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். காரை மட்டும் அவரிடம் விடாதீர்கள்.

ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிளக் எல்லாம் நீங்களே செய்யலாம். ஆயில் 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக். விற்றவர் நேற்றுதான் மாற்றினேன் என்றாலும் மாற்றுங்கள். 7,500 கிலோமீட்டருக்கு அல்லது வருஷத்துக்கு ஒரு முறை போதும். டர்போவின் ஷாஃப்ட் மிதப்பதே இந்த ஆயிலில்தான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆயில் வடிக்கும் சம்ப் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். கூலன்ட் டப்பாவில் என்ன நிறம் இருந்தாலும் அதன் மேல் வேறு எதையும் ஊற்றாதீர்கள். முழுதாக வடித்து, டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, புதுக் கூலன்ட்டும் அதே வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, எங்கள் ஊர் சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும். பிளக்கைக் கம்பெனி சொன்ன நம்பரிலேயே வாங்குங்கள். டர்போ இல்லாத புன்டோவின் பிளக்கைப் போடாதீர்கள், வெப்பம் தாங்காது. கழற்றிய பிளக்கை எந்த சிலிண்டரில் இருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். நாலில் ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் ஏதோ சொல்ல வருகிறது.

முதல் மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பாருங்கள். என் வாசலில் கொஞ்சம் சரிவு. அது தெரியாமல் இரண்டு வாரம் ஆயில் தின்கிறது என்று தூக்கம் கெட்டேன்.

என் காரில் இழுவை குறைவாகத்தான் இருந்தது. மூன்றாவது கியரில் மிதித்தால் வர வேண்டிய தள்ளு வரவில்லை. டர்போ போய்விட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். டர்போ என்றாலே எல்லாருக்கும் அந்த ஒரு வியாதிதான் தெரியும். முதலில் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற தடித்த குழாய்கள். கிளாம்ப் அருகே ஈரமாக ஆயில் படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. அங்கே எதுவும் இல்லையென்றால் டைவர்ட்டர் வால்வைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிச்சக் காற்றைத் திருப்பிவிடும் சின்ன வால்வு அது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. வால்வைக் கழற்றி, கீழே இருக்கும் மூடியை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குழாய் மாட்டுகிற மூக்கை இன்னொரு விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். இப்போது மூடியை விடுங்கள். சவ்வு நன்றாக இருந்தால் உள்ளேயே நிற்கும். என்னுடையது பட்டென்று திரும்பி வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் சவ்வின் மடிப்பில் அரை அங்குலக் கீறல். டர்போ மாற்ற வேண்டும் என்று சொன்ன வேலை ஒரு ரப்பர் துண்டில் முடிந்தது.

அதே கையோடு பெட்ரோல் ஹோஸையும் முகர்ந்து பாருங்கள். இன்று பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் பெட்ரோல். இந்தக் கார் அதற்கு முந்தைய காலத்துக் கார். காலையில் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக் விஷயத்தில் நான் செய்தது முட்டாள்தனம். பேட் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று நம்பி, வாங்கிய இரண்டாவது வாரமே வால்பாறை போனேன். ஏறும்போது சொர்க்கம். இறங்கும்போது 40 கொண்டை ஊசி. ஆழியார் அணை கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் பெடல் மெத்தை மாதிரி அமுங்க ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் போட்டு, ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் பிரேக் ஃப்ளூயிட். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் ஏறிவிட்டால் 155 டிகிரியே போதும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பேடைத் தள்ளாது. (டயரில் பார்த்த டாட்டும் இந்த டாட்டும் ஒன்றுதான், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் முதலெழுத்துகள்.) இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டாட் 4 அல்லது 5.1 ஊற்றலாம். வெறும் 5 என்று போட்டிருப்பது சிலிக்கான், அது வேறு சாதி, கலக்கவே கூடாது.

மாற்ற இரண்டு பேர் வேண்டும். எனக்குப் பெடலில் என் மகள். காரை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டப்பாவில் இருக்கும் பழையதை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். வலது ஸ்டியரிங் காரில் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் பின்னால் இடது பக்கம். அங்கே ஆரம்பித்து, முன்னால் வலது பக்கம் முடியுங்கள். சக்கரத்துப் பிரேக்கில் ஃப்ளூயிட் வடிக்கும் நிப்பிளில் மீன்தொட்டிக் குழாய், அதன் மறுமுனை கொஞ்சம் ஃப்ளூயிட் ஊற்றிய பாட்டிலுக்குள்.

"மூணு தடவை அமுத்து கண்ணு. அப்படியே புடிச்சுக்க. விட்றாத."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.

"கீழ போயிருச்சுங்கப்பா!"

"போகட்டும், காலை எடுக்காத." மூடினேன். "இப்ப விடு."

முதலில் வந்தது டிகாக்‌ஷன் நிறம். ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்த பிறகுதான் தேன் நிறம் வந்தது. ஐந்து முறைக்கு ஒரு தடவை எழுந்துபோய் டப்பாவைப் பாருங்கள். அது காலியாகிக் காற்று உள்ளே போய்விட்டால் ஏபிஎஸ் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம்தான் போக வேண்டும். பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். முடித்ததும் தெருவை விட்டு வெளியே போகும் முன் நாலு முறை மிதித்துப் பெடல் கல் மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள்.

இனி அப்கிரேடு. நான் முதலில் மாற்றியது டயர். அளவு 195/55 ஆர்16, அதைத் தாண்டாதீர்கள். அகலமாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் போகும். நல்ல டயர் நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக வாங்குங்கள். கடையில் நின்று தேதியையும் பாருங்கள். அதன் பிறகு அலைன்மென்ட். அதற்கும் முன்னால் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றையும் கம்பியால் நெம்பி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அலைன்மென்ட் காசு வீண். புது டயரோடு பாலக்காடு ரோட்டில் போனபோது காரே வேறு காராக இருந்தது. ஒரு ஹார்ஸ்பவர் கூடவில்லை.

அடுத்தது ஒரு தரம் மேலான பிரேக் பேட். ரேஸ் பேட் வேண்டாம்; அது சூடானால்தான் பிடிக்கும், காலையில் பால் வாங்கப் போகிற வழியில் அது சூடாகாது. அப்புறம் காரின் கம்ப்யூட்டரை லேப்டாப்போடு இணைக்கும் ஒரு ஓபிடி அடாப்டர். மல்டிஈசியூஸ்கேன் என்ற மென்பொருள் ஃபியட் குடும்பத்துக்காகவே எழுதப்பட்டது, பழைய லேப்டாப்பே போதும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மெக்கானிக்கிடம் போகும் முன்பே பிழைக் குறியீடு என்ன என்று தெரிந்துவிடும். ஏர் ஃபில்டருக்கு அசல் பெட்டிக்குள் உட்காரும் நல்ல பேனல் ஃபில்டர் போதும். கூம்பு மாதிரித் திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் குடிக்கும். புஸ் என்று சத்தம் போடுகிற வால்வைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சத்தம் மட்டும்தான்.

சைலன்ஸர், ரீமேப் (சக்தி கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) பக்கம் போகும் முன் சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இன்ஷூரன்ஸ்காரர் கிளெய்ம் சமயத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். சட்டம் ஒருபுறம் இருக்க, பத்து வருஷத்து கிளட்ச் கூடுதல் டார்க்கைத் தாங்குமா என்றும் யோசியுங்கள். ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி ஸ்பீடு ஏறாவிட்டால் கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது என்று அர்த்தம்.

வேகம் பார்க்க ஆசை இருந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அவிநாசி ரோட்டில் பார்க்காதீர்கள். ஓட்டும்போது இரண்டு பழக்கம் வேண்டும். கிளம்பியதும் ஐந்தாறு கிலோமீட்டர் டர்போவை எழுப்பாமல் போங்கள். கூலன்ட் முள் சீக்கிரம் ஏறிவிடும், ஆயில் சூடாவதற்கு அதைவிட நேரமாகும். வீடு நெருங்கும்போது கடைசி இரண்டு கிலோமீட்டர் அதே மாதிரி மெதுவாக. எங்கள் தெருவில் ஆறு ஸ்பீடு பிரேக்கர் இருப்பதால் எனக்கு இரண்டாவது பழக்கம் தானாகவே வந்துவிட்டது. சாதாரண புன்டோவைவிட இது தாழ்வான கார் வேறு. ஒவ்வொன்றையும் குறுக்காகத்தான் ஏறி இறங்குகிறேன்.