தூத்துக்குடி மாடியில் ஃப்ரீ டிஷ்: அப்பாவின் பழைய பைப்பும் டெலிபோன் வயர் வந்த வழியும்

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் கேபிள் டிவி பல நாள் வரவில்லை. ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். மழை எங்கே பெய்கிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் செய்து கேட்கும் நிலை. அப்போதுதான் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். 2004-இல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய அதே சேவைதான். மாதக் கட்டணம் கிடையாது. தமிழ் சேனல்கள் குறைவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பொதிகையாக இருந்து டிடி தமிழ் ஆன சேனலும் செய்தியும் போதும்.

ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுத்தது. நான் பார்த்துச் செய்த வீடியோ வடஇந்தியாவில் எடுத்தது, அதுதான் காரணம். நம் பக்கத்துக்கு அந்தக் கோணங்கள் பொருந்தாது. நீங்களும் அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிஷ் எதில் நிற்கும்?

எங்கள் மொட்டை மாடியில் அப்பா நட்ட ஜி.ஐ. பைப் ஒன்று இன்னும் இருக்கிறது. 80-களில் இலங்கை ரூபவாஹினி பார்க்க எங்கள் கடற்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு உயரமான அலுமினிய ஆன்டெனா நிற்கும். அப்பா மேலே பைப்பைத் திருப்பிக்கொண்டே "தெரியுதாலே?" என்று கத்துவார். நான் கீழே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "இல்லப்பா, புள்ளியாத்தான் இருக்கு" என்று பதில் கத்துவேன். அந்தப் பைப்பை இடுப்பு உயரத்துக்கு அறுத்துவிட்டு டிஷ்ஷை அதிலேயே மாட்டினேன்.

பைப் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். பைப் சாய்ந்திருந்தால் பின்னால் வைக்கும் எந்தக் கோணமும் சரியாக வராது. டிஷ்ஷோடு வந்த கிளாம்ப் என் பைப்புக்குக் கொஞ்சம் பெரியது. முதலில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கினேன். ரப்பர் அமுங்கி, மறுநாள் காற்றில் டிஷ் திரும்பியே போய்விட்டது. பி.வி.சி. பைப் துண்டை நீளவாக்கில் கீறி உறைபோல் மாட்டி இறுக்கிய பிறகு அசையவில்லை.

பைப் இல்லாதவர்கள் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் கான்கிரீட் கொட்டி நடுவில் பைப்பை நிறுத்தலாம். ஆனால் வாளியின் கனத்தை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பிடிச் சுவரின் மூலையில் வைத்து, மணல் மூட்டை போட்டு, கம்பியால் கட்டிவிடுங்கள். 60 செ.மீ. டிஷ் ஒன்றரை டிகிரி விலகினாலே படம் போய்விடும்.

திசை

ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. தூத்துக்குடிக்குக் கணக்குப் போட்டால் வடக்கிலிருந்து வலமாக 119 டிகிரி, அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில். அண்ணாந்து பார்க்கும் கோணம் 69. டெல்லிக்கு இதே கணக்கு 149, 52 என்று வருகிறது. சென்னைக்கு 134, 68. வீடியோவைப் பார்த்து வைத்தால் டிஷ் எங்கே பார்க்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போன் திசைகாட்டியை டிஷ் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரும்பு அதைக் குழப்பும். நாலடி தள்ளி நின்று, திசையில் தெரியும் ஒரு அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது இரண்டு வீடு தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்துத் திருப்புவதும் வேண்டாம். டாடா பிளே 83 டிகிரி, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2 என்று ஆளாளுக்கு ஒரு செயற்கைக்கோள்.

இன்னொன்று. இது ஆஃப்செட் டிஷ், அதாவது தன் முகம் பார்க்கும் திசைக்குச் சற்று மேலேயிருந்து வரும் அலையை வாங்கும் வகை. 69 டிகிரியில் வைத்தாலும் பார்வைக்கு அவ்வளவு அண்ணாந்திருப்பதாகத் தெரியாது. கண்ணை நம்பாமல் பின்பக்கத் தகட்டில் இருக்கும் அளவைப் பார்த்து வையுங்கள்.

எல்.என்.பி. சுழற்சி: என் இரண்டு நாளைத் தின்ற இடம்

எல்.என்.பி. என்பது டிஷ்ஷின் முன்னால் நீளும் கையில் உட்கார்ந்து அலையை வாங்கும் சின்னக் கருவி. டிவியோடு இணைக்கும் செட்-டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னலைக் காட்ட ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டை வரும். எனக்கு ஸ்ட்ரெங்த் நன்றாகவே ஏறி நின்றது, குவாலிட்டி சுழியம். டிஷ்ஷை மேலே, கீழே, இடது, வலது என்று மாலை வரை திருப்பினேன். கேபிளை மாற்றினேன். கடைக்குப் போய்ப் புது எல்.என்.பி.யே வாங்கி வந்தேன். அப்படியேதான் இருந்தது.

ஸ்ட்ரெங்த் பட்டைக்கு அவ்வளவு அர்த்தம் கிடையாது. எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே இரைச்சலை வைத்துக்கூட அது ஏறிக்கொள்ளும். பார்க்க வேண்டியது குவாலிட்டியை மட்டும்தான்.

மூன்றாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் உருட்டித் திருப்ப வேண்டும். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாமல் கிழக்கே தள்ளி இருப்பதால், அதன் அலை நமக்குச் சாய்ந்துதான் வந்து சேர்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இந்தச் சாய்வு கூடும். டெல்லியில் கணக்குப்படி 27 டிகிரி. சென்னையில் 45. தூத்துக்குடியில் 60! வீடியோக்காரர் லேசாகத் திருப்பிவிட்டுப் போனார், நானும் லேசாகத் திருப்பினேன். பாதிகூட வரவில்லை.

டிஷ்ஷுக்குப் பின்னால், அது பார்க்கும் திசையைப் பார்த்து நில்லுங்கள். அங்கிருந்து பார்க்க, எல்.என்.பி. கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். பிடியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உங்கள் ஊர்க் கணக்கில் வைத்துவிட்டு, பிறகு ஐந்து ஐந்து டிகிரியாக இரண்டு பக்கமும் நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் பத்து விநாடி பொறுங்கள். பாக்ஸ் மெதுவாகத்தான் காட்டும். அம்மா கீழே வீடியோ காலில் போனை டிவி பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். "வருதாம்மா?" "இன்னும் இல்லப்பா... இரு, இரு, பச்சையா ஒண்ணு ஏறுது." சுழியத்திலிருந்து ஒரே தாவாக 40-க்குப் போனது. அதன்பின் டிஷ்ஷை நூலளவு அசைத்து அசைத்து 75 வரை கொண்டுவந்தேன்.

கேபிள் எந்த வழியாக?

ஆர்ஜி-6 என்ற உருண்டை டிஷ் கேபிள் வாங்குங்கள், நடுக்கம்பி முழுச் செம்பாக இருந்தால் நல்லது. எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. பழைய ஆன்டெனாவின் தட்டை ரிப்பன் வயர் இதற்கு உதவாது. 30 மீட்டருக்குள் என்றால் பூஸ்டர் வேண்டாம்.

முதலில் ரிப்பன் வயர் வந்த அதே வென்டிலேட்டர் வழியாகத்தான் விட்டேன். அன்று இரவு மழையில் கேபிளைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே வந்து, புதுப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சுவரை உடைக்காமல் வேறு வழி தேடியபோது, லேண்ட்லைன் இருந்த காலத்து முக்கால் அங்குலக் குழாய் கண்ணில் பட்டது. மாடிப்படி ரூமிலிருந்து சுவருக்குள்ளேயே ஹாலுக்கு வருகிறது. உள்ளே செத்துப்போன டெலிபோன் வயர் அப்படியே இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் இழுகயிறு. அதன் நுனியில் புது கேபிளையும் கூடவே ஒரு நைலான் கயிற்றையும் கட்டுங்கள். கயிறு அடுத்த முறைக்கு உதவும். முடிச்சு பருமனாக இல்லாமல் இன்சுலேஷன் டேப்பைச் சரிவாகச் சுற்றி, டால்கம் பவுடர் தடவுங்கள். ஒருவர் மேலிருந்து தள்ள, ஒருவர் கீழிருந்து இழுக்க வேண்டும். வளைவில் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காமல் ஒரு சாண் பின்னால் விட்டு மறுபடி இழுங்கள். கனெக்டரை இழுத்து முடித்த பிறகுதான் போட வேண்டும், அதோடு சேர்த்து இழுத்தால் குழாய்க்குள் நுழையாது.

230 வோல்ட் வயர் போகும் குழாயில் மட்டும் இதை விடவே கூடாது. இடம் இருந்தாலும் கூடாது.

கனெக்டர் திருகு வகை வேண்டாம், அழுத்திப் போடும் வகைதான் என் தேர்வு. கேபிளின் உள்ளே சுற்றியிருக்கும் வலைக்கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், ஷார்ட். பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மாட்டவும் கழற்றவும் வேண்டும். குழாய்க்குள் நுழையும் முன் கேபிளை ஒரு தொங்கலாக விடுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் கனெக்டர் பச்சை பூத்துவிடுகிறது. அதனால் எல்.என்.பி. முனையில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதா டேப் போட்டேன்.

பிறகு சேர்த்தது

எல்லாம் சரியாக வைத்தும் குவாலிட்டி வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருக்குமே பாக்ஸ் மெனுவில் எல்.என்.பி. வகை தப்பாக இருந்தது. யுனிவர்சல், 9750/10600 என்று வைத்தவுடன் வந்துவிட்டது. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் மாடிக்கு ஏறலாம்.

பலமான காற்றுக்குப் பிறகு டிஷ் நகர்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். எல்லாம் இறுக்கி முடித்ததும் பைப்பிலிருந்து கிளாம்ப் வரை ஒரே கோடாக வெள்ளைப் பெயிண்ட் இழுத்துவிடுங்கள். எல்.என்.பி.க்கும் அதன் பிடிக்கும் சேர்த்து இன்னொரு கோடு. போன வாரம் காற்று அடித்த மறுநாள் காலையில் அம்மாவே துணி காயப்போடப் போனபோது பார்த்துவிட்டுப் போன் செய்தார்: "ரெண்டு கோடும் நேராத்தான்பா இருக்கு."