பிரிக்க வேண்டியது தையலைத்தான்

மார்த்தாண்டத்தில் இருபது வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். தையல் பழக வரும் பெண்ணின் சுயமதிப்பு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். போன வருடம் வந்த ஒருத்தி, ரவிக்கையில் கை வைத்துத் தைக்கும் வளைவான கைக்குழி பெரிதாகிவிட்டால் அதைச் சொல்ல மாட்டாள். "எனக்கு ஒன்றும் வராது அக்கா" என்பாள். மறுநாள் ஆளைக் காணாது.

"மக்களே, தையலைப் பிரி. உன்னைப் பிரிக்காதே" என்றேன். ஒரு நோட்டும் கொடுத்தேன். நீங்களும் ஒன்று வையுங்கள். உங்களை நீங்களே திட்டிய வார்த்தையை அப்படியே எழுதுங்கள். அதன் கீழே, நாடா பிடித்து அளந்ததுபோல் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: 'வலது கைக்குழி அரை இன்ச் பெரிது.' அதற்கும் கீழே, நாளை செய்யப்போகும் ஒரே ஒரு வேலை. ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள்.

அடுத்து, யாருடைய அளவில் உங்களை வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். சாதித்ததை எதிர்பார்ப்பால் வகுத்தால் வருவதே சுயமதிப்பு என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். குவைத்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளின் அளவு ரவிக்கையை வைத்து வெட்டினால் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

தாழ்வு எண்ணம் முழுவதும் நம் மனத்தில் முளைத்ததும் அல்ல. நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் இந்த மண்ணில், தோளை மறைக்கும் உரிமைக்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் போராடினார்கள். 1859இல்தான், அன்று இங்கே ஆண்ட திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வணங்கச் சொன்னார், அந்த நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த சமயச் சீர்திருத்தவாதி ஐயா வைகுண்டர். சுவாமித்தோப்பில் உள்ள அவர் பதியில் இன்றும் கண்ணாடி முன் நின்றுதான் வணங்குகிறார்கள். அதில் தெரிவது அவரவர் முகம். எனக்கு அந்த இடத்தில் கண் நிறையும்.

பாராட்டினால் "நன்றி" என்று மட்டும் சொல்லுங்கள். நான் பல வருடம், நன்றாக இருக்கிறது என்றவரிடமே குறையைத் தேடிக் காட்டினேன். கூலி கேட்கவும் நாக்கு எழாது. இரண்டும் ஒரே நோய்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாரக்கணக்கில் மனம் எழவில்லை என்றால் நோட்டு போதாது. 14416க்கு அழையுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் முதல்முறையாகத் தானே ஒரு ரவிக்கைக்குக் கூலி சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. தைத்த துணியை வாங்க வந்த வாடிக்கையாளர் அம்மாவை நேராகப் பார்த்தபடி நின்றாள்.